பழைய பைக் ரேஸும் பாம்பன் காற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரைப் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கும் சிலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம். வண்டியைப் பற்றி ஆரம்பிக்கும் பேச்சு எப்படியும் ரேஸில் போய் நிற்கும். டீக்கடையில் பக்கத்து பெஞ்சுக்காரர்களும் புதிதாக வரும் தம்பிகளும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதியிருக்கிறேன். பதில்களில் என் சொந்த அபிப்பிராயம் நிறைய கலந்திருக்கும். சண்டை போட விரும்புபவர்கள் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போடலாம்.

ரேஸ் டிராக்கே இல்லாத ஊரில் உங்களுக்கு ஏன் இந்தப் பைத்தியம்?

நியாயமான கேள்விதான். டிராக் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு ரேஸ் ஒரு வேடிக்கை, போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். எங்களுக்கு அது காதில் விழுந்த சங்கதி. கீழக்கரை, பனைக்குளம், தொண்டிப் பக்கத்துச் சபுராளிகள், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள், சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் திரும்பும்போது கதையும் கொண்டுவருவார்கள். பெட்டியில் துணிக்கு நடுவே ஏதாவது ஒரு ஆங்கிலப் பத்திரிகை இருக்கும். அதில் ஒருவன் வண்டியோடு தரையில் படுத்துக்கொண்டே வளைவில் போகும் படம் இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

ராமேசுவரம் தீவுக்காரர்களுக்கு வண்டியே அரிது. 1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலம் திறக்கும்வரை மோட்டார் சைக்கிளை ரயிலில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். டேங்கில் இருக்கும் பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, பார்சல் போட்டு, இறக்கின பிறகு திரும்ப பெட்ரோல் தேடி அலைய வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வந்த வண்டி தெருவில் ஓடினால் ஊரே திரும்பிப் பார்க்கும். அந்த மயக்கம் சிலருக்குத் தெளியவே இல்லை.

பழைய ரேஸ் என்றால் எந்தக் காலம்?

மோட்டார் சைக்கிள் உலக சாம்பியன்ஷிப் 1949இல் தொடங்கியது. 500 சிசி என்ற பெரிய வகுப்பிலிருந்து டூ ஸ்ட்ரோக் வண்டிகள் (பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒருமுறை எரிக்கும் இன்ஜின்) வெளியேறத் தொடங்கியது 2002இல். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் எங்கள் கணக்கில் பழசு. எழுபதுகளோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் எங்களில் உண்டு. அவர்களை நாங்கள் திருத்துவதில்லை.

ஒரே ஒரு ரேஸைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எது?

1967ஆம் ஆண்டு ஐல் ஆஃப் மேன் டிடியின் (டூரிஸ்ட் டிராபி) சீனியர் போட்டி, அதாவது 500 சிசி. யோசிக்கவே மாட்டேன்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் ஒரு சின்னத் தீவு. 1907 முதல் அங்கே டிடி நடக்கிறது. ஊர் நடுவே, வீட்டு வாசல் ஓரமாக, மதில் சுவரை உரசிக்கொண்டு, மலையேறி இறங்கும் பொதுச் சாலையே டிராக். ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்கு மேல். இங்கே வைத்துச் சொன்னால், ராமநாதபுரத்தில் கிளம்பி பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேசுவரம் போய்ச் சேர்ந்தாலும் ஒரு சுற்று முடியாது. சீனியர் போட்டி அப்போது ஆறு சுற்று.

இனி ஆட்கள். மைக் ஹெயில்வுட், இங்கிலாந்துக்காரர், ஹோண்டா 500. ஜியாகோமோ அகோஸ்தினி, இத்தாலிக்காரர், எம்வி அகுஸ்டா. ஹோண்டாவுக்குக் குதிரைசக்தி ஏராளம், ஆனால் வளைவில் கட்டுக்கு அடங்காது. எம்வி சொன்ன பேச்சு கேட்கும். ஹெயில்வுட்டுக்கு வந்த சோதனை போதாதென்று ஓட்டும்போதே ஆக்சிலேட்டர் பிடி கழன்று ஆட ஆரம்பித்தது. பெட்ரோல் போட நின்றபோது சுத்தியலால் அதைத் தட்டி இறுக்கிக்கொண்டு மறுபடி கிளம்பினார். அந்தக் கோலத்தில்தான் சராசரி மணிக்கு 108.77 மைல், அதாவது 175 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று போட்டார். அந்தச் சாதனை 1975 வரை நின்றது. இரண்டு பேரும் மாறி மாறி முன்னிலை. ஐந்தாவது சுற்றில், அகோஸ்தினி முன்னால் இருந்தபோது, எம்வியின் செயின் அறுந்தது. ஹெயில்வுட் ஜெயித்தார்.

ஜெயித்தவரை விட்டுவிட்டு, தோற்றவரின் செயினைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அதுதான் இந்த ரேஸின் மகிமை.

அகோஸ்தினி பெரியவரா, ஹெயில்வுட் பெரியவரா?

எண்ணிக்கையில் அகோஸ்தினி. 15 உலகப் பட்டம், 122 வெற்றி. ஹெயில்வுட்டுக்கு 9 பட்டம், 76 வெற்றி. ஆனால் எம்வியோடு மோத ஆளே இல்லாத வருடங்களில் அகோஸ்தினி வாரிக்கொண்ட வெற்றிகளும் அதில் சேர்த்தி. ஹெயில்வுட்டோ டிடியை விட்டுப் போய், பதினோரு வருடம் கழித்து, 38 வயதில், 1978இல் டுகாட்டியோடு வந்து ஜெயித்தார். நடுவில் கார் ரேஸுக்குப் போனபோது, 1973இல் தென்னாப்பிரிக்காவில் எரிகிற காருக்குள் சிக்கிய ரெகாத்சோனி என்ற சக வீரரை, தன் உடையில் தீப்பிடித்த பிறகும் விடாமல் இழுத்தார். என் ஓட்டு ஹெயில்வுட்டுக்கு. எங்கள் கூட்டத்தில் அகோஸ்தினி கட்சிதான் பெரும்பான்மை, அழகன் என்பதால்.

பழைய வீடியோவில் ரேஸ் ஆரம்பிக்கும்போது எல்லோரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறார்களே, ஏன்?

அப்போது விதியே அப்படி. இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும். கொடி விழுந்ததும் கியரில் போட்டு, கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு ஓடி, பக்கவாட்டில் சீட்டில் விழுந்தபடி கிளட்ச்சை விடுவார்கள். கரையிலிருந்து வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே ஓடி, மிதந்ததும் தாவி ஏறுவது போலத்தான். இன்ஜின் பிடித்தால் காலைத் தூக்கிப் போட்டு உட்காரலாம். பிடிக்காவிட்டால் மொத்தக் கூட்டமும் போன பிறகு தனியே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். உலகப் போட்டிகளில் 1987இல்தான் இந்த முறையை எடுத்தார்கள். கிக்கர் வேலை செய்யாத வண்டி வைத்திருந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

டூ ஸ்ட்ரோக் சத்தத்துக்கு ஏன் இவ்வளவு உருகுகிறீர்கள்? எரிச்சலாக இருக்கிறதே.

சத்தம் பிடிக்காதவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு கள்ளக் கடத்தல் கதை இருக்கிறது.

கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் என்று ஒரு கம்பெனி. அங்கே வால்டர் காடன் என்ற இன்ஜினியர். காசு கிடையாது, நல்ல உலோகம் கிடையாது. அந்த நிலைமையில் புகைபோக்கியை வைத்து விளையாடினார். சைலன்சர் குழாயை ஓரிடத்தில் வயிறு போல உப்பவைத்து மறுபடி குறுக்கினால், வெளியே போகும் அழுத்த அலை அடிவாங்கித் திரும்பி வரும். எரியாமல் தப்பி ஓடப் பார்க்கும் பெட்ரோல் கலவையை அது சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளும். உள்ளே அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை, வெறும் தகரக் குழாய்தான். 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைசக்தி கொடுத்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு அது. அன்று உலகமே வாயைப் பிளந்தது.

அந்த வண்டியை ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961இல் 125 சிசி பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. செப்டம்பரில் சுவீடனில் போட்டி. பெர்லின் சுவர் எழும்பி சில வாரம்தான் ஆகியிருந்தது. போட்டியில் இன்ஜின் கெட்டது. டெக்னர் அங்கிருந்தபடியே தப்பி மேற்கு ஜெர்மனிக்குப் போனார். மனைவி, குழந்தைகளை அதற்குள் கார் டிக்கியில் ஒளித்து எல்லை தாண்டவைத்திருந்தார்கள். காடனின் ரகசியம் டெக்னரோடு சுசுகிக்குப் போனது. அடுத்த வருடமே, 1962இல், 50 சிசி பட்டத்தை சுசுகியில் அவரே ஜெயித்தார். ஜப்பானில் சுசுகா டிராக்கில் ஒரு வளைவுக்கு இன்றைக்கும் டெக்னர் பெயர். வித்தையைக் கண்டுபிடித்த காடன் கிழக்கு ஜெர்மனியிலேயே கிடந்தார்.

அடுத்த முறை ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 உங்கள் தெருவில் கத்திக்கொண்டு போனால், அதன் சைலன்சருக்குள் ஓடுவதும் காடன் போட்ட கணக்கின் வாரிசுதான்.

யெஸ்டி வைத்திருக்கிறேன். அதற்கும் ரேஸுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, தாய் வழியில். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவாதான் மைசூரில் 1961 முதல் ஐடியல் ஜாவா என்ற பெயரில் உற்பத்தியானது. 1973இலிருந்து யெஸ்டி, 1996இல் கம்பெனி மூடல். ஜாவா உலகப் போட்டிகளிலும் ஓடியது. 1961இல் 350 சிசி பட்டியலில் அதன் வீரர் பிரான்டிஷெக் ஷ்டாஸ்ட்னி இரண்டாம் இடம்.

பில் ஐவி என்ற குள்ளமான, குறும்புக்கார இங்கிலாந்துக்காரர் 1967இல் யமஹாவில் 125 சிசி சாம்பியன் ஆனார். 1969இல் ஜாவாவின் நாலு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்கை ஓட்ட வந்தார். அந்த ஜூலையில் கிழக்கு ஜெர்மனியின் சாக்சன்ரிங் டிராக்கில் பயிற்சியின்போது விழுந்து இறந்தார், வயது 26. இன்ஜின் சீஸ் ஆனதுதான் காரணம் என்பார்கள். டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிற பழைய ஆட்கள் கிளட்ச்சில் எப்போதும் இரண்டு விரலை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், கிளட்ச்சை இழுக்க அரை நொடிகூடக் கிடைக்காது. அந்தப் பழக்கத்தைத் தம்பிகள் கற்றுக்கொள்வது நல்லது.

அப்புறம் யெஸ்டியின் இடது பக்க லீவர். பக்கத்துப் பையனிடம் வண்டியைக் கொடுத்து ஸ்டார்ட் பண்ணச் சொன்னால் கிக்கரைத் தேடி வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவான். கியர் லீவரையே உள்பக்கம் அழுத்தி மேலே தூக்கித் திருப்பினால் அதுதான் கிக்கர். ஸ்டார்ட் ஆனதும் பழையபடி முன்னால் மடக்கினால் மறுபடி கியர். இந்த ஒரு காட்சிக்காகவே பலர் இன்னும் யெஸ்டியை விற்காமல் வைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ரேஸ் எங்கே நடந்தது?

சோழவரத்தில். சென்னைக்கு வடக்கே, கல்கத்தா சாலையில். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்ததும் அநேக நாடுகளில் இதே கதைதான். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் விமானத்தளம், அக்கரையில் இலங்கையின் கட்டுகுருந்தையும் விமானத்தளம். நீளமான கான்கிரீட் சும்மா கிடந்தால் வண்டி வைத்திருப்பவன் சும்மா இருப்பானா?

1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. சோழவரம் ரேஸுக்கு ஊரே திரண்டு போகும். எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள் மீட்டர் கேஜ் ரயிலில் இரவெல்லாம் உட்கார்ந்து எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, வெயிலில் நின்று பார்த்துவிட்டு அதே மாதிரி திரும்பினார்கள். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். நினைத்த ரேஸ் வண்டியை யாரும் வாங்கிவிட முடியாது. கடையில் வாங்கிய ரோட்டு வண்டியையே மெக்கானிக் பிரித்து, ஹெட்டைச் சீவி, போர்ட்டை அரத்தால் ராவி, சைலன்சரை வெட்டி ஒட்டி ரேஸுக்கு ஆக்குவார். என்னைக் கேட்டால் சோழவரத்தின் உண்மையான நாயகர்கள் இந்த மெக்கானிக்குகள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தக் கோப்பையிலும் இல்லை.

1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. இப்போது சென்னைப் பக்கம் போய்ப் பார்ப்பதென்றால் அங்கேதான்.

எங்க வாப்பா சிங்கப்பூரில் ரோட்டிலேயே பைக் ரேஸ் பார்த்ததாகச் சொல்வார். அளக்கிறாரா?

வாப்பா சொல்வது நிஜம். 1961 முதல் 1973 வரை சிங்கப்பூரில் தாம்சன் ரோட்டில் கிராண்ட் பிரீ நடந்தது. ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பொதுச் சாலைதான். காருக்கும் உண்டு, பைக்குக்கும் உண்டு. மழை பெய்தால் வழுக்கும், ஓரத்தில் சாக்கடை, பஸ் ஸ்டாப். ஆபத்தான இடம், உயிர்களும் போயிருக்கின்றன. 1973க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். அவர் அங்கே இருந்த வருடங்கள் இதற்குள் வந்தால் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டுவிடுங்கள், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்தக் கதைகள் எழுத்தில் இல்லை.

பெண்கள் யாரும் ஓட்டவில்லையா?

ஓட்டினார்கள், ஓட்டவிடவில்லை. பெரில் ஸ்வெயின் 1962இல் டிடியில் 50 சிசி போட்டியில் தனியாக ஓட்டி 22ஆவதாக வந்தார். டிடியில் தனியாக வண்டி ஓட்டிய முதல் பெண். அதன் பிறகு, பெண்ணுக்கு இது ஆபத்து என்று சொல்லி அவருடைய லைசென்ஸைப் பறித்தார்கள். ஆண்கள் வருடா வருடம் செத்துக்கொண்டிருந்த இடத்தில் இந்தக் கரிசனம்.

அவருக்கும் முன்னால் பியாட்ரிஸ் ஷில்லிங். 1934இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் டிராக்கில் நார்ட்டன் வண்டியில் மணிக்கு 100 மைலுக்கு மேல் சுற்றினார். போர் வந்ததும் பிரிட்டிஷ் போர் விமானங்கள் திடீரென்று மூக்கைக் கீழே இறக்கினால் இன்ஜின் திணறும் கோளாறுக்கு, கார்புரேட்டருக்கான பெட்ரோல் வழியில் வைக்கும் ஒரு சின்னத் துளையிட்ட தட்டால் வைத்தியம் செய்தார். மெக்கானிக் புத்தி என்றால் அது.

இவ்வளவு பேர் செத்த விளையாட்டை நினைத்து ஏங்குவது சரியா?

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டுப் பெண்கள்தான் கேட்பார்கள், ஆண்கள் கேட்பதில்லை.

ஐல் ஆஃப் மேன் மலைப்பாதையில் மட்டும் 250 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். 1972இல் மழையிலும் மூடுபனியிலும் 125 சிசி போட்டியில் கில்பெர்ட்டோ பர்லோட்டி இறந்தார், அகோஸ்தினியின் நண்பர். அதோடு அகோஸ்தினி டிடிக்கு முழுக்குப் போட்டார். பெரிய ஆட்கள் பலரும் பின்வாங்க, 1976க்குப் பிறகு டிடிக்கு உலக சாம்பியன்ஷிப் அந்தஸ்தே போனது. 1973 மே 20, இத்தாலியில் மோன்சா. முதல் சுற்றிலேயே யார்னோ சாரினென், ரென்சோ பசோலினி இரண்டு பேரும் ஒரே விபத்தில் போனார்கள். சாரினெனுக்கு வயது 27. உடம்பை வளைவுக்கு உள்ளே தொங்கவிட்டு ஓட்டும் பாணியைக் காட்டியவர்களில் ஒருவர், முந்தின வருட 250 சிசி சாம்பியன்.

எனக்கு ஏக்கம் அந்த ஆட்களின் மேல்தான். வைக்கோல் கட்டை மட்டும் சுற்றி வைத்துவிட்டு ஓட்டச்சொன்ன ஏற்பாட்டின் மேல் இல்லை. அந்தக் காலத்து வீரன்தான் வீரன், இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து டீ சொல்லப் போய்விடுவேன். இன்றைய பையன் விழுந்தால் சரளையில் உருண்டு எழுந்து நடந்து வருகிறான். நல்லதுதானே.

உங்களுக்குப் பிடித்த ஒருவர்?

ஜோயி டன்லப். வட அயர்லாந்தில் பாலிமணி என்ற சின்ன ஊர்க்காரர், பார் நடத்தியவர். மஞ்சள் ஹெல்மெட். பேச்சு வராது, பேட்டி என்றால் ஓடிவிடுவார். வண்டியைத் தானே பிரித்து மாட்டுவார். டிடியில் 26 வெற்றி. 2024இல் அவருடைய தம்பி மகன் மைக்கேல்தான் அந்த எண்ணிக்கையைத் தாண்டினார். 2000ஆம் ஆண்டு, 48 வயதில், ஒரே வாரத்தில் மூன்று டிடி போட்டிகளை ஜெயித்தார். ஜூலை 2 அன்று எஸ்டோனியாவில் தாலின் நகரத்தில் மழையில் 125 சிசி போட்டியில் மரத்தில் மோதி இறந்தார்.

ரேஸ் இல்லாத காலத்தில் அவர் வேனில் துணியும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு ருமேனியாவில் அநாதைக் குழந்தைகள் இல்லங்களுக்கு அவரே ஓட்டிப் போய் இறக்கிவிட்டு வருவார். கேமராவைக் கூட்டிப் போனதில்லை.

அரிச்சல்முனை ரோட்டில் ஒரு சின்ன ரேஸ் வைத்தால் என்ன?

வேண்டாம். நேராக, அகலமாக இருக்கிறது என்றுதான் ஆசை வருகிறது. 2017இல் திறந்த அந்த ரோட்டில் இரண்டு பக்கமும் கடல், காற்று மணலை அள்ளித் தாரில் போட்டுக்கொண்டே இருக்கும். காலையில் சுத்தமாக இருந்த இடத்தில் மத்தியானம் விரற்கடை மணல் கிடக்கும். குடும்பத்தோடு வரும் சுற்றுலா வண்டிகள் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் இருங்காட்டுக்கோட்டையில் பயிற்சி கொடுக்கிறார்கள், போங்கள்.

உப்புக்காற்றில் பழைய வண்டியை எப்படிக் காப்பாற்றுவது?

நம் பக்கத்தில் பலர் கடல் ஓரம் ஓட்டிவிட்டு வந்து வீட்டு போர்வெல் தண்ணீரில் கழுவுகிறார்கள். அந்தத் தண்ணீரே உவர்ப்பு. உப்பை உப்பால் கழுவி என்ன பயன்? குடிக்க வரும் காவிரித் தண்ணீரை வண்டிக்கு ஊற்றினால் வீட்டில் திட்டு விழும். ஆகவே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடையுங்கள், பிறகு காய்ந்த துணி. ரிம், ஸ்போக்ஸ், சைலன்சரில் எண்ணெய்த் துணியால் மெல்லிசாக ஒரு பூச்சு. பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். பழைய பருத்திச் சேலை போதும்.

டேங்கைப் பாதியில் விட்டு நிறுத்தினால் உள்சுவரில் ஈரம் கோக்கும். ஓட்டாமல் வைப்பதென்றால் நிரப்பி வையுங்கள், கார்புரேட்டரை மட்டும் வடித்துவிடுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் வாஷரையும் டியூபையும் உப்பவைக்கும். மாதக்கணக்கில் போட்டு வைக்காமல் வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது பேப்பரில் என்ன பார்க்க வேண்டும்?

சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்சி புக்கோடு கண்ணால் ஒப்பிடுங்கள், போட்டோவை நம்பாதீர்கள். முக்கியமாக ராஜ்தூத் 350. 1983இலிருந்து சில வருடமே வந்த வண்டி, இரண்டு மூன்று வண்டியைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பவர்கள் உண்டு. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

50 வருடம் தாண்டி, அசல் உருவத்தில் இருந்தால் 2021 விதிப்படி விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் மீன் வாங்கப் போக முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், ரிப்பேர் போன்றவற்றுக்கு மட்டும்தான் எடுக்கலாம். தினசரி ஓட்டுகிறவர்கள் சாதாரணப் பதிவிலேயே இருப்பது உத்தமம்.

நானும் வரலாமா? வண்டி இல்லை.

வரலாம். எங்களில் பாதிப் பேர் வண்டி பட்டறையில் கிடப்பவர்கள்தான். மண்டபம் பக்கம் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுங்கள். ஆடியில் கச்சான் காற்று தூக்கும் நாட்களில் பாலத்தின் மேல் போவதில்லை, உச்சிப்புளிப் பக்கம் திரும்பிவிடுவோம். டூ ஸ்ட்ரோக் கொண்டுவருபவர்கள் ஆயில் பாட்டிலைச் சொந்தமாக எடுத்து வரவும். ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் அடுத்தவரிடம் கேட்டு வாங்கிவிட்டு, கடன் அடைப்பதில்லை.